கைகாட்டி விழாத இரண்டு நிமிடம்

போன மாதம் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் ஐந்தாறு பேரை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புது ஸ்டேசன் ஒன்று கட்டப் போகிறார்களாம், பழைய ஆட்களின் கருத்தும் வேண்டுமாம். கறிபாப்பும் தேத்தண்ணீரும் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஓர் இளம் இன்ஜினியர், நம் தமிழ்ப் பிள்ளைதான், சுவரில் வரைபடத்தை மாட்டி அதில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துக் காட்டினார். இடம் விசாலமாம். நிலம் சமதளமாம். கார் நிறுத்த வசதியாம். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, வண்டியை விட்டு எறங்குற ஆளு எங்க போகணும்?" என்று கேட்டேன்.

அவர் பொட்டிலிருந்து டவுனை நோக்கி விரலை நகர்த்தினார். நகர்த்தினார், நகர்த்திக்கொண்டே போனார். "டவுனுக்கு பஸ் விடுவோம் லா, அங்கிள்."

"பஸ் வரலன்னா?"

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எழுந்து நின்று ஒரு பழைய ஸ்டேசன் கதையைப் பேச ஆரம்பித்துவிட்டேன். தலைவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார், மூன்றாம் முறை இருமினார். இன்ஜினியர் தம்பி மட்டும் வாசல்வரை என் பின்னால் வந்து, "அங்கிள், அந்தக் கதைய முழுசா எழுதிக் குடுங்களேன்" என்றார். எழுதச் சொன்னால் விடுவேனா! நான் வாயைத் திறந்தால் மூடாத ஆள் என்பது என் மனைவிக்கு நாற்பது வருடமாகத் தெரியும். இனி உங்களுக்கும் தெரியும்.

நான் பிறந்தது மலாயாவில், கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டினார், மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை, அம்மாவும் வெட்டினார், நானும் வெட்டியிருக்க வேண்டியவன்தான். ஜப்பான்காரன் போன கையோடு ரயில்வேயில் ஆள் எடுத்தார்கள். முதலில் தண்டவாளத்துக்குக் கல் அள்ளிப் போட்டேன், பிறகு மூட்டை தூக்கினேன், பிறகு சிரம்பானில் ஒரு பெரியவரிடம் திட்டு வாங்கி வாங்கி பாயிண்ட்ஸ்மேன் வேலை கற்றேன். பாயிண்ட்ஸ்மேன் என்றால் தண்டவாளத்தைப் பாதை மாற்றிவிடுகிறவன், லீவரை இழுத்துக் கைகாட்டியை இறக்குகிறவன். இருபத்து நான்கு வயதில் என்னை பாயா டாலாம் ஸ்டேசனுக்கு அனுப்பினார்கள். கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் மோதிய அவசரகாலம் உச்சத்தில் இருந்த நேரம் அது. காட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள், ரோட்டில் பட்டாளத்தார், நடுவில் நாங்கள்.

பாயா டாலாம் ஒரு கிளை லைனின் கடைசி ஸ்டேசன். அதற்கப்பால் தண்டவாளம் இல்லை, ஒரு மண்மேடும் இரண்டு கட்டையும்தான். அந்த ஸ்டேசனை அங்கே கட்டியது மனிதருக்காக இல்லை, ரப்பருக்காக. தோட்டத்து ரப்பர் ஸ்டோர் பிளாட்பாரத்தை ஒட்டியே இருந்தது. ரப்பர் ஷீட்டைக் கட்டி இந்தக் கதவு வழியாகத் தள்ளினால் அந்தக் கதவு வழியாக வேகனில் விழும். அந்தக் காலத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களும் ஸ்டோருக்குப் பக்கத்திலேயே இருந்ததால் ஜனங்களுக்கும் சௌகரியம். வண்டியை விட்டு இறங்கி இருநூறு அடி நடந்தால் மாமியார் வீடு.

அப்புறம் வந்ததே உத்தரவு! தொழிலாளர்கள் அங்கங்கே சிதறி இருக்கக் கூடாது, காட்டுக்காரர்களுக்குச் சோறு போய்விடும் என்று, லயங்களை எல்லாம் காலி செய்து, சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம் முள்கம்பி வேலி போட்டு, எல்லாரையும் ஒரே இடத்தில் குடிவைத்தார்கள். மனிதர்கள் இடம் மாறினார்கள், ஸ்டேசன் மாறவில்லை. பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் சதுப்புக்கு மேலே புதுக் குடியிருப்பின் தகரக் கூரைகள் பளபளவென்று தெரியும். தண்டவாளம் கரைமேட்டின் மேல் நேராக அரை மைல் ஓடி, குடியிருப்பின் வேலிக் கேட்டை உரசிக்கொண்டு போகும். ஆனால் தண்டவாளத்தில் யாரும் நடக்கக் கூடாது, நடந்தால் காவல்காரர் சுட்டாலும் சுடுவார். ஆகவே சதுப்பைச் சுற்றி ரப்பர்காட்டு ரோட்டில்தான் போக வேண்டும். ரெண்டு மைல்!

நினைத்துப் பாருங்கள். சாயங்கால வண்டி ஐந்து மணிக்குச் சற்று முன்னால் வரும். ஸ்டேசனில் அடையாளக் கார்டு பார்ப்பார்கள், மூட்டையை அவிழ்ப்பார்கள். அதற்குள் ஐந்தே கால். ஆறு மணிக்கு வேலிக் கேட்டு மூடிவிடும், ஊரடங்கு. முக்கால் மணி நேரத்தில் கைப்பிள்ளை, டிரங்குப் பெட்டி, கோழிக் கூடையோடு ரெண்டு மைல் செம்மண் ரோட்டில் ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டும். போய்ச் சேர்ந்தால் அங்கேயும் ஒருமுறை மூட்டையை அவிழ்ப்பார்கள். ஆறு அடித்துவிட்டால் வந்த வழியே திரும்பி, ஸ்டேசன் கொட்டகையில் விடிகிற வரை கிடக்க வேண்டியதுதான். மூன்று மைலுக்கு அப்பாலிருந்து வந்தவரும் முப்பது மைலுக்கு அப்பாலிருந்து வந்தவரும் கடைசி ரெண்டு மைலில்தான் அழுதார்கள்.

ஸ்டேசன் மாஸ்டர் வைத்திலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். அந்தக் காலத்து மாஸ்டர்கள் பலரும் அப்படித்தான். ஒல்லியான மனிதர். வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இருக்காது, நெற்றியில் திருநீறு வேர்வையில் கூட அழியாது. சத்தம் போடவே மாட்டார். ஆனால் அவர் தங்கள் ஊர்ப் பாணியில், "என்ன காணும்?" என்று மெதுவாகக் கேட்டால் முதுகுத்தண்டு சில்லிடும். நான் அவரைக் கல்லுப்பிள்ளையார் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வேன். முகத்துக்கு நேரே சொல்ல என்ன பைத்தியமா!

அவருடைய வேலைமுறையைச் சொல்ல வேண்டும். முந்தைய ஸ்டேசனை வண்டி விட்டதும் எங்கள் மேஜையில் மணி அடிக்கும். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார், பேனா முள்ளைத் துணியில் துடைப்பார், ரயில் ரெஜிஸ்டரில் நேரத்தை எழுதுவார். எழுதி, ஒற்றி எடுத்த பிறகுதான் தலை நிமிரும். "மாரிமுத்து, லைனைப் பாரும்."

நான் பாயிண்ட் வரை நடப்பேன். நகரும் தண்டவாளம் நிலையான தண்டவாளத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது, கட்டைவிரலை இடுக்கில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும், அது அவர் சட்டம். பிறகு பூட்டு. பூட்டின சாவியைக் கொண்டுவந்து அவர் மேஜைமேல் வைக்க வேண்டும். கையில் கொடுக்கக் கூடாது, மேஜையில்தான். அவர் சாவியைப் பார்த்து, "ஓம்" என்பார், அவர்கள் ஊரில் "ஆமாம்" என்று அர்த்தம். அந்த "ஓம்" வந்த பிறகு நான் லீவர் மேடையில் ஏறி, அரை மைல் தள்ளி ரயில் கேட்காரர் ரோட்டை அடைத்துவிட்டு வெள்ளைப் பலகை காட்டுகிறாரா என்று பார்த்து, லீவரை இழுப்பேன். கம்பி கிரீச்சென்று ஓடும், தூரத்தில் கைகாட்டியின் கை விழும். விழுந்தால் வண்டி உள்ளே வரலாம். விழாவிட்டால் டிரைவர் கைகாட்டிக்கு முன்னாலேயே நிறுத்தியாக வேண்டும்.

இதில் ஒரு விசேஷம், இதுதான் கதையே. எங்கள் கைகாட்டி நின்ற இடம் குடியிருப்பின் வேலிக் கேட்டுக்கு நூறு அடி தள்ளி. இன்ஜின் கைகாட்டியில் நின்றால் பெட்டிகள் சரியாக வேலிக் கேட்டுக்கு எதிரே நிற்கும்!

நான் முதலில் வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு நாள் பாயிண்ட் இடுக்கில் ஒரு கல் சிக்கிக்கொண்டது. அதைக் குத்தி எடுக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. வண்டி வெளியே நின்று கூவியது. ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். அட, எதிரே நம்ம வீடு! மூட்டையைக் கீழே போட்டார்கள், பின்னாலேயே தாங்களும் இறங்கினார்கள், டிக்கெட்டை வண்டியின் கார்டு கையில் திணித்துவிட்டு நேரே வேலிக் கேட்டுச் சோதனைக்குப் போய் நின்றார்கள்.

மறுநாள் காலை ஸ்டோரில் ரப்பர்ப் பால் நிறுக்க வந்த பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பால்வெட்டும் முத்தாயிக்கு வாய் கொஞ்சம் பெரிது. "தம்பி, நேத்து எங்க அண்ணன் அஞ்சு மணிக்கே வீட்டுல காப்பி குடிச்சாரு. ஒன் கை நல்லா இருக்கணும் சாமி! இன்னிக்கும் அந்தக் கல்லு சிக்குமா?" என்று கேட்டார்.

சிக்கியது. அன்றும் சிக்கியது, அதற்கு மறுநாளும் சிக்கியது. பாயிண்ட் எல்லாம் சுத்தம்தான், சிக்கியது என் கையில். "ஓம்" சொன்ன பிறகு லீவர் மேடையில் நின்றுகொண்டு மனசுக்குள் நூற்றிருபது எண்ணுவேன். அப்புறம் இழுப்பேன். அடேயப்பா, எனக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! மாதத்துக்கு ஒரு தரம் வந்த சம்பந்திகள் வாரா வாரம் வந்தார்கள். வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்த சம்பந்திகளும் வந்தார்கள். ஜனங்கள் தேர்ந்துவிட்டார்கள். வளைவு திரும்பினதுமே கதவைத் திறந்து படியில் இறங்கி நிற்பார்கள், வண்டி மெதுவாகும்போதே மூட்டையை வீசுவார்கள், நின்றதும் குதிப்பார்கள். இரண்டு நிமிடத்தில் பெட்டி காலி.

கார்டு டிக்கெட்டுகளைக் கட்டாகக் கொண்டுவந்து மாஸ்டரிடம் கொடுப்பார். ஒரு நாள் பன்னிரண்டு டிக்கெட். பிளாட்பாரத்தில் இறங்கியதோ மூன்று பேரும் ஓர் ஆட்டுக்குட்டியும். மாஸ்டர் டிக்கெட்டைப் பார்த்தார், ஆட்டுக்குட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டிக்கெட்டுகளை நூலில் கோத்துக் கட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று எனக்கு ஒரே குஷி. இப்படி நாலு மாதம் ஓடியது.

ஒரு வியாழக்கிழமை. பாலை நிறுத்துக் கொடுத்த கையோடு முத்தாயி ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"தம்பி, எம் மக செல்லம்மா இன்னிக்கு வாரா. தலைப்பிரசவம். சுவா பக்கத்துத் தோட்டத்துல குடுத்திருக்கோம்ல, போன வாரந்தான் வளையல் போட்டாங்க. புருசங்காரனும் கூட வாரான். அவனிருந்து என்னா செய்ய, ரெண்டு மைலு தூக்கிக்கிட்டா வரப் போறான்? நெறமாசம் தம்பி. கைகாட்டியக் கொஞ்சம் பாத்துக்க."

"நான் இருக்கேன்ல, கவலைப்படாதீங்கக்கா" என்று மார்தட்டினேன்.

நாலு மணிக்கு மாஸ்டர் அறையில் டெலிபோன் அடித்தது. அவர் நின்றுகொண்டே பேசினார், அதுவே எனக்குப் புதிது. போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். "மாரிமுத்து, இஞ்சை வாரும். கேட்டடியிலை காட்டுக்குள்ளை ஆக்களைக் கண்டிருக்கினமாம். இண்டைக்கு வண்டி வெளியிலை ஒரு நிமிஷமும் நிக்கக் கூடாது. இண்டைக்கு வேண்டாம். விளங்கிச்சோ?"

"சரிங்க மாஸ்டர்."

"இண்டைக்கு" என்று அவர் இரண்டு முறை சொன்னது என் மரமண்டையில் அப்போது ஏறவில்லை. எனக்குள் ஓடியதெல்லாம் படியில் நிற்கப் போகிற ஜனங்கள்தான். வண்டி நிற்கும் என்று நம்பி நிறைமாதக்காரி கதவண்டை வந்து நிற்பாள். நிற்காது என்று அவளுக்கு யார் சொல்வது? முத்தாயி வேலிக்குள் போயாயிற்று. வண்டி கிளம்பியாயிற்று. ஒரே வழிதான் இருந்தது: மாஸ்டரிடம் உண்மையைச் சொல்வது. சொன்னால் அவர் முந்தைய ஸ்டேசனுக்குப் போன் போட்டுக் கார்டை எச்சரித்திருப்பார். ஆனால் சொன்னால் நாலு மாதக் குட்டு உடையுமே! திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான், பின்னால் செய்தது இல்லை.

மணி அடித்தது. லைனைப் பார்த்தேன், விரலை வைத்தேன், பூட்டினேன், சாவியை மேஜையில் வைத்தேன். "ஓம்." லீவரை உடனே இழுத்தேன். கை விழுந்தது. டிரைவர் மெதுவாகத்தானே வருவார், பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மெதுவாகவா வந்தார்! அவரையும் யாரோ எச்சரித்திருக்க வேண்டும். வளைவு திரும்பி வண்டி பறந்து வந்தது.

அரை மைலுக்கு அப்பால் எல்லாம் பொடிப்பொடியாகத்தான் தெரியும். ஆனால் படியில் கொத்தாக ஆட்கள் நிற்பது தெரிந்தது. ஒரு வெள்ளை மூட்டை கீழே விழுந்து உருண்டது. அதன் பின்னால் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் குதித்தான், குப்புற விழுந்தான், எழுந்து ரயில் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஓடினான். அந்தப் பெட்டியின் படியில் சிவப்பாக ஒரு சேலை. அவன் கையை நீட்டிக்கொண்டு ஓடுகிறான், அவள் ஒரு காலைக் கீழே இறக்குகிறாள். ஐயோ, ஐயோ என்று நான் கத்தினது எனக்கே கேட்டது. இன்ஜின் இன்னும் கைகாட்டியைத் தாண்டவில்லை.

லீவரைத் திருப்பி அடித்தேன்.

ஓடி வருகிற வண்டியின் முகத்தில் கைகாட்டியைத் தூக்குவதைவிடப் பெரிய குற்றம் எங்கள் வேலையில் கிடையாது. பிரேக் கத்தியது பாருங்கள், சதுப்பிலிருந்த கொக்குகள் எல்லாம் எழும்பிவிட்டன. கம்பத்தை ஒட்டி வந்து நின்றது இன்ஜின். காவலுக்காக வண்டியிலிருந்த பட்டாளத்தார் தாக்குதல் என்று நினைத்துக் குதித்து, கரைமேட்டில் குப்புறப் படுத்துத் துப்பாக்கியை ரப்பர்காட்டுப் பக்கம் நீட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்ததை முத்தாயி சொல்லித்தான் கேட்டேன். செல்லம்மா கடைசிப் படியில் உட்கார்ந்து மெல்ல இறங்கினாளாம். எதிரே துப்பாக்கியோடு படுத்திருந்த பட்டாளத்தானைப் பார்த்து, "என்னாய்யா படுத்துக் கெடக்குற? எந்திரிச்சுக் கையக் குடு" என்றாளாம். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் எழுந்து கையைக் கொடுத்தானாம்!

காட்டுக்குள் அன்றைக்கு யாராவது இருந்தார்களா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு வெடிச் சத்தமும் கேட்கவில்லை.

லீவர் மேடையை விட்டு இறங்கினேன். மாஸ்டர் வாசலில் நின்றார். "ஏன் காணும்?" என்றார். நான் வேலிக் கேட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் சதுப்புக்கு அப்பால் பார்த்தார். சிவப்புச் சேலை வேலிக் கேட்டை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் உள்ளே போய்ப் பேனா முள்ளைத் துடைத்தார்.

போலீஸ் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. எனக்கும் காட்டுக்காரர்களுக்கும் தொடர்பு என்று சந்தேகம். வேறென்ன நினைப்பார்கள்? ஆட்களைக் கண்டதாகத் தகவல் வந்த அதே இடத்தில், பட்டாளத்தார் இருக்கிற வண்டியை ஒருவன் நிறுத்தியிருக்கிறான். பூட்டிய அறையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். கைதியாக உள்ளே தள்ளலாம், இல்லை ஊருக்குக் கப்பல் ஏற்றலாம். ஊர் என்றால் தமிழ்நாடு. அதை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை! என் அம்மா போலீஸ் ஸ்டேசன் வாசலில் வந்து உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுததைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விசாரணை எங்கள் கொட்டகையிலேயே நடந்தது. ரயில்வே துரை ஒருவர், போலீஸ் அதிகாரி ஒருவர். பக்கத்தில் மாஸ்டர், மேஜையில் ரெஜிஸ்டர். வண்டிக் கார்டு முன்பே என் காதில் ஓதியிருந்தார், "கம்பி அறுந்து போச்சுன்னு சொல்லிடு" என்று. துரை மலாயில் கேட்டார், கைகாட்டி ஏன் ஏறியது என்று. நான் மலாய் மரியாதையோடு, "கம்பி, துவான், கம்பி..." என்று ஆரம்பித்தேன்.

"பொய் சொல்லாதையும்" என்றார் மாஸ்டர். சத்தம் போடவில்லை.

என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கல்லுப்பிள்ளையார் கழுத்தை அறுத்துவிட்டாரே! அவர் ரெஜிஸ்டரைத் துரை பக்கம் திருப்பி, நாலு மாதத்துக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து, ஆங்கிலத்தில் வாசிக்க ஆரம்பித்தார். எனக்குப் புரிகிற அளவுக்கு ஆங்கிலம் வரும்.

கல் சிக்கிய முதல் நாள், "பாயிண்டில் கல்." இரண்டாம் நாள், "காரணம் தெரியவில்லை." மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளும், ஞாயிறு உட்பட: "வண்டி கைகாட்டியில் இரண்டு நிமிடம் நின்றது. காரணம்: குடியிருப்புப் பயணிகள் இறங்குவதற்காக. எனக்குத் தெரிந்தே." கீழே கையெழுத்து. பக்கம் பக்கமாக வாசித்தார். பிறகு இழுப்பறையிலிருந்து கார்பன் நகல்களை எடுத்து வைத்தார். நாலு கடிதங்கள். ஸ்டேசன் இருக்கிற இடம் இப்போது பயணிகளுக்கு உதவாது, வேலிக் கேட்டு எதிரே வண்டி நிற்க ஒரு சின்ன நிறுத்தம் வேண்டும் என்று மேலிடத்துக்கு மாதம் தவறாமல் எழுதியிருக்கிறார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

கடைசிப் பக்கம் அந்த வியாழக்கிழமை. "நிறுத்தக் கூடாது என்று உத்தரவிட்டேன். பயணிகள் படியில் நிற்கப் பழகியிருப்பார்கள் என்பதை யோசிக்கத் தவறினேன். ஒரு கர்ப்பிணி விழாமல் இருக்கப் பாயிண்ட்ஸ்மேன் கைகாட்டியை ஏற்றினான்."

போலீஸ் அதிகாரி ரெஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்து வெகுநேரம் புரட்டினார். சதி செய்கிறவர்கள் அரசாங்க ரெஜிஸ்டரில் தினமும் கையெழுத்துப் போட்டுச் சதி செய்வதில்லை. மூடி வைத்துவிட்டு, என்னைப் போகச் சொன்னார். எனக்கு எச்சரிக்கையோடு முடிந்தது. மாஸ்டருக்கு இடமாற்றம், கிழக்கே காட்டுக்கு நடுவில் ஒரு சின்ன ஸ்டேசனுக்கு.

அவர் புறப்பட்ட அன்று டிரங்குப் பெட்டியை நான்தான் வண்டியில் ஏற்றினேன். அழுதுகொண்டே கேட்டேன், "எல்லாம் தெரிஞ்சும் எங்கிட்ட ஏன் மாஸ்டர் ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னால் நீர் நிப்பாட்டியிருப்பீர்" என்றார். வண்டி ஊதியது. "அடுத்த முறை வாயைத் திறந்து கேளும். நல்லது செய்யிறதுக்கு ஏன் காணும் ஒளிக்கிறீர்?"

அவர் போய்ப் பதினோராம் நாள் உத்தரவு வந்தது. விசாரணையில் ஏறிவிட்ட கடிதங்களுக்கு இனிப் பதில் சொல்லாமல் இருக்க முடியாதே! வேலிக் கேட்டுக்கு எதிரே மண்ணைக் கொட்டி, பழைய ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி, இரண்டு பெட்டி நீளத்துக்குச் சின்ன பிளாட்பாரம் போட்டார்கள். முதல் வண்டி நின்ற அன்று முத்தாயி சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார். செல்லம்மா பெண்குழந்தையோடு வந்து நின்றாள். நாகஸ்வரம் இல்லாத குறைதான்! என் கழுத்தில் மாலையைப் போட்டார்கள். "இதுக்கு என்னா பேரு வைக்கலாம்?" என்று தோட்டத்துக் கங்காணி கேட்டார். "இதென்னா கேள்வி, மாரிமுத்து ஸ்டாப்புதான்!" என்று முத்தாயி கத்த, கூட்டமே கைதட்டியது.

நான் வாயைத் திறக்கவில்லை. மாலை கனத்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் டிக்கெட் வாங்க வந்தவர்களே, "மாரிமுத்து ஸ்டாப்புக்கு ஒண்ணு" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நான் வேறு ஸ்டேசனுக்கு மாறினேன், கல்யாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன், அந்தப் பெயர் எனக்கு முன்னால் ஓடிப்போய் எனக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது. போன மாதக் கூட்டத்தில் எழுந்து பேசினேனே, அப்போதும் என்னுடைய ஸ்டாப்பு என்றுதான் பேசினேன்.

ஆனால் நான் இன்னும் பாயா டாலாமில் இருந்தபோதே ஒன்று நடந்தது. ஒரு நாள், புதிதாக வந்திருந்த ரயில் கேட்காரர் என்னிடம் வந்து சொன்னார். மத்தியான வண்டியில் கோட்டுப் போட்ட ஒல்லியான பெரியவர் ஒருவர் ஸ்டாப்பில் இறங்கினாராம். கட்டைகளை மிதித்துப் பார்த்தாராம். கைப்பிள்ளையோடு ஒருத்தி வேலிக் கேட்டுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாராம். அப்புறம், "இந்த இடத்துக்கு என்ன பேர்?" என்று கேட்டாராம். மாரிமுத்து ஸ்டாப்பு என்று கேட்காரர் சொல்லியிருக்கிறார்.

"ஓம், இறங்க வசதியாக் கிடக்கு" என்றாராம். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லையாம். அரை மைல் தள்ளி நான் இருந்தேன், என்னைப் பார்க்க வரவில்லை. திரும்புகிற வண்டியில் ஏறிப் போய்விட்டார். அந்த வண்டிக்குக் கைகாட்டியை இறக்கினவன் நான்தான்.

இன்ஜினியர் தம்பி, நீங்கள் கேட்டதற்கு எழுதிவிட்டேன். உங்கள் காகிதத்தில் எங்காவது அந்த ஸ்டாப்பைக் குறிப்பிட்டால் என் பெயரைப் போடாதீர்கள். அது வைத்திலிங்கம் மாஸ்டருடைய ஸ்டாப்பு.